அடி வாங்குவது எப்போதும் ஓநாய்தான்

உறைந்து கிடக்கும் ஆற்றில் ஒரு துளை. அதற்குள் வாலை விட்டுக்கொண்டு ஓநாய் உட்கார்ந்திருக்கிறது. அசையாமல் இருந்தால் மீன்கள் தாமாகவே வாலைக் கவ்வும் என்பது நரி சொல்லிக்கொடுத்த பாடம். இரவெல்லாம் பனி இறுகுகிறது. இழுத்தாலும் வால் வரவில்லை. அத்தனை மீன் மாட்டிவிட்டதாக ஓநாய்க்குப் பூரிப்பு. விடிந்ததும் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள், வாளி சுமக்கும் தடியாலேயே சாத்துகிறார்கள். வாலை அங்கேயே பறிகொடுத்துவிட்டு ஓடுகிறது ஓநாய்.

அலெக்சாந்தர் அஃபனாசியேவ் 1855 முதல் வெளியிட்ட ரஷ்ய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் உள்ள கதை இது. 1150ஐ ஒட்டி லத்தீனில் எழுதப்பட்ட 'இசென்கிரிமுஸ்' காவியத்திலும் இதே சம்பவம் உண்டு. அங்கே நரி எதையும் தற்செயலுக்கு விடுவதில்லை. பாதிரியாரின் சேவலைத் திருடுகிறது. அவர் பூசையைப் பாதியில் போட்டுவிட்டு, ஊர்மக்கள் புடைசூழத் துரத்துகிறார். நரி அந்தக் கூட்டத்தை நேராக ஓநாய் இருக்குமிடத்துக்கு இழுத்து வந்து விட்டுவிட்டு மறைகிறது. கதையின் உச்சமே இந்த ஓட்டம்தான் என்பேன். நரி ஓநாயின்மேல் ஒரு பல்கூடப் பதிப்பதில்லை. பேச்சு மட்டும் நரியுடையது; பிடித்துவைக்கப் பனி இருக்கிறது, அடிக்க மனிதர்கள் இருக்கிறார்கள். ஆட்டுப்பட்டி வைத்திருந்தவர்களுக்கு ஓநாய்மேல் இருந்த கோபத்தைத் தூண்டிவிட நரிக்கு ஒரு சேவல் போதும்.

நார்வேயில் இதே கதையில் ஏமாறுவது கரடி. அதனால்தான் அதற்கு வால் குட்டை என்று கதை முடியும். முதலில் இது கரடிக் கதையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று பின்லாந்து அறிஞர் கார்லே குரோன் 1889இல் வாதிட்டார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஓநாய்க்குத்தான் நீள வால் இன்னும் இருக்கிறதே!

பனி இல்லாத இடத்தில் கிணறு இருக்கிறது. பிரான்சின் துருவா நகரில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் ராஷி, தால்முது என்னும் யூதச் சமயநூலுக்கு எழுதிய உரையில் ஒரு கதை சொல்கிறார். வெள்ளிக்கிழமை யூதர் வீட்டு முற்றத்துக்குப் போய்ச் சமையலுக்கு உதவினால், மறுநாள் ஓய்வுநாள் விருந்தில் பங்கு கிடைக்கும் என்று ஓநாயை அனுப்புகிறது நரி. தடியடிதான் கிடைக்கிறது. கொல்ல வந்த ஓநாயிடம், அது உன் அப்பன் செய்த திருட்டுக்கு விழுந்த அடி என்று சமாளிக்கிறது நரி. பிறகு கிணற்றடிக்குக் கூட்டிப்போகிறது. ஒரே கயிற்றின் இரு முனையிலும் வாளிகள். ஒன்றில் நரி இறங்குகிறது. தண்ணீரில் தெரியும் நிலாவைப் பாலாடைக்கட்டி என்று காட்ட, மற்ற வாளியில் ஓநாய் ஏறுகிறது. கனத்த ஓநாய் கீழே, நரி மேலே.

பின்னால் வந்த பிரெஞ்சு 'ரெனார்' நரிக் கதைகளில் கிணறு மடாலயத்துக்குள் இருக்கிறது. தண்ணீரில் தன் பிம்பத்தைப் பார்த்து, அது தன் மனைவி என்று நம்பி முதலில் உள்ளே மாட்டிக்கொள்வது நரியேதான். தற்செயலாக அங்கே வந்து எட்டிப்பார்க்கும் ஓநாயிடம், தான் செத்துச் சொர்க்கத்தில் இருப்பதாகச் சொல்கிறது. ஓநாய் ஆசையோடு வாளியில் ஏறுகிறது. காலையில் துறவிகள் கயிற்றை இழுத்தால், வாளியில் வருவது ஓநாய். தடிகளோடு பாய்கிறார்கள் துறவிகள்.