மண்ணீரல் தமனி வீக்கம்: ஸ்கேன் அறிக்கையுடன் வீடு திரும்பிய பின்

பித்தப்பைக் கல்லுக்காகவோ சிறுநீரகக் கல்லுக்காகவோ வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போது, தேடாத ஒன்று கண்ணில் படுவதுண்டு. 'மண்ணீரல் தமனியில் 18 மி.மீ. அளவுள்ள வீக்கம்' என்று அறிக்கையின் கடைசிப் பகுதியில் ஒரு வரி இருக்கும். தளவானூர், செஞ்சி வட்டாரத்திலிருந்து விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ சென்று ஸ்கேன் எடுத்துக்கொண்டு எங்களிடம் வருவோரில் சிலர், இந்த ஒரு வரியால் பல இரவுகள் உறக்கமிழந்திருக்கிறார்கள். 'வயிற்றுக்குள் வெடிகுண்டு' என்று யாரேனும் சொல்லியிருப்பார்கள். அச்சொல் எங்களுக்கு உடன்பாடானதன்று. சிறிய வீக்கங்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிடுகின்றன. அதே வேளையில், 'சின்னதுதானே' என்று அறிக்கையைப் பரணில் போட்டுவிடுவதும் சிலரைப் பொறுத்தவரை பேராபத்து. தாம் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதைத்தான் நோயாளி முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மண்ணீரல் இடப்புற விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி, கணையத்தின் மேல் விளிம்பை ஒட்டி, ஆற்றின் போக்கைப் போல் வளைந்து வளைந்து செல்கிறது. அதன் இயல்பான விட்டம் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர். சுவர் நலிந்த இடத்தில், பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பது போல், தமனி புடைக்கிறது. இதையே மருத்துவர்கள் அனியூரிசம் என்கிறார்கள். இது புற்றுநோய் அன்று, கட்டியும் அன்று, பரவவும் செய்யாது.

பலர் இதனை வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அறிவியலாளர் ஐன்ஸ்டைனுக்கு இருந்தது பெருந்தமனி வீக்கம். 1948ஆம் ஆண்டின் இறுதியில் ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர் அதன்மேல் செலோஃபேன் தாளைச் சுற்றிவைத்தார். அக்காலத்தில் அதற்கு மேல் செய்யக்கூடியது அதிகம் இல்லை. ஐன்ஸ்டைன் அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் வீக்கம் கசிந்தபோது அறுவை சிகிச்சை வேண்டாமென மறுத்து மறைந்தார். பெருந்தமனி வீக்கம் முதிய ஆண்களிடமும் புகைபிடிப்போரிடமும் மிகுதி. மண்ணீரல் தமனி வீக்கமோ பெண்களிடம் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. பலமுறை கருவுற்றவர்களிடம் இன்னும் மிகுதி. கருவுற்ற காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களும், மண்ணீரலுக்குக் கூடுதலாகப் பாயும் இரத்தமும் தமனிச் சுவரை மெல்ல நலிவிக்கின்றன என்று கருதப்படுகிறது. கல்லீரல் சுருக்க நோயாலோ, கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையில் அடைப்பாலோ மண்ணீரல் பெருத்திருப்பவர்களுக்கும் இது வரலாம். கல்லீரல், குடல், மண்ணீரல் ஆகிய உள்ளுறுப்புத் தமனிகளில் வரும் வீக்கங்கள் எல்லாமே அரியவை. அவற்றுள் பாதிக்கு மேல் மண்ணீரல் தமனியில்தான் வருகின்றன.

இனி அளவைப் பற்றி. நோயாளிகள் முதலில் கேட்பது 'எத்தனை மில்லிமீட்டர்?' என்பதே. முன்பு 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் சிகிச்சை என்பது வழக்கமாக இருந்தது. அமெரிக்காவின் இரத்தநாள அறுவை மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறிகுறி இல்லாதவர்களுக்கு 3 சென்டிமீட்டர் வரை கண்காணித்து வரலாம் என்கிறது. ஆனால் இந்த எண் எல்லோருக்கும் பொருந்தாது. அறுபத்தெட்டு வயது மூதாட்டிக்கு, சுவரில் சுண்ணாம்பு படிந்து 22 மி.மீ. அளவில் இருக்கும் வீக்கத்தைப் பார்த்து, 'அடுத்த ஆண்டு வாருங்கள்' என்று நாங்கள் சொல்லக்கூடும். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு 12 மி.மீ. அளவில் இருந்தால், இனியும் குழந்தை பெறும் எண்ணம் உள்ளவரெனில், சிகிச்சையைப் பற்றி அன்றே பேசத் தொடங்குவோம். மூதாட்டியைத் திருப்பியனுப்பிவிட்டு மருமகளை உட்காரவைத்துப் பேசுகிறார்களே என்று குடும்பத்தார் வியப்பதில் பொருளுண்டு. கருவுறும் வயதிலுள்ள பெண்ணுக்கு எந்த அளவில் இருந்தாலும் சரிசெய்துவிட வேண்டும் என்றே அதே வழிகாட்டுதல் கூறுகிறது.

காரணத்தை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. கருவுற்ற காலத்தில், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், இவ்வீக்கம் வெடித்தால் தாயையும் சேயையும் காப்பாற்றுவது மிகக் கடினம். அவ்வாறு வெடித்தவர்களில் நான்கில் மூவர் அளவுக்கு இறந்ததாக மருத்துவ ஏடுகளில் வெளியான பழைய தொகுப்புகள் கூறுகின்றன. மோசமாக முடிந்தவையே ஏடுகளில் மிகுதியாக எழுதப்படுகின்றன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும், கருவுறுவதற்கு முன்பே சரிசெய்துகொண்டால் இந்த அச்சத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம்.

இவ்விடத்தில் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். சில வீடுகளில் அறிக்கையைக் கணவரும் மாமியாரும் பார்த்துவிட்டு, 'அவளுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள்' என்று மறைத்துவைக்கிறார்கள். திருமணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் பெற்றோரே மறைக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் ஆபத்தின் அறிகுறியை முதலில் உணரப்போகிறவர் அந்தப் பெண். அவருக்குத் தெரியாவிட்டால் வலி வரும்போது பொறுத்துக்கொண்டு படுத்திருப்பார். எனவே அவரையே அழைத்து, அவர் முன்னிலையில் சொல்வதை நாங்கள் வழக்கமாகக் கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே கருவுற்றிருந்தால், கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் தெரிவித்துத் தாய் சேய் நல அட்டையில் இந்நோயின் பெயரை எழுதிவைக்கச் செய்யுங்கள். பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்.

அளவு பாராமல் சிகிச்சை தேவைப்படும் இன்னொரு வகை, பொய் வீக்கம். பெயரைக் கண்டு அலட்சியம் கொள்ள வேண்டாம். இதுவே உண்மை வீக்கத்தினும் கொடியது. கணைய அழற்சியில் கசியும் செரிமான நீர் அருகிலுள்ள தமனியின் சுவரை அரித்துவிட, வெளியேறும் இரத்தத்தைச் சுற்றியுள்ள திசுக்கள் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் நிலை அது. மதுப்பழக்கத்தால் வரும் கணைய அழற்சி நம் பகுதியில் குறைவன்று. அத்தகையோருக்கு மலம் கறுப்பாகப் போவதோ இரத்த வாந்தியோ கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

கண்காணிப்பில் இருப்போரின் அன்றாட வாழ்வுக்கு வருவோம். பெரும்பாலானோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் போதுமானது. அதைக் கூடுமானவரை ஒரே முறையில் எடுப்பது நல்லது. ஒருமுறை அல்ட்ராசவுண்ட், மறுமுறை சி.டி. என்று மாற்றினால் ஒப்பிடுவது கடினம். குடலில் வாயு மிகுந்திருந்தாலோ உடல் பருத்திருந்தாலோ அல்ட்ராசவுண்டில் இத்தமனி சரியாகத் தெரியாது. சென்ற ஆண்டு 18, இவ்வாண்டு 19 மி.மீ. என்றவுடன் வளர்ந்துவிட்டதாகக் கலங்காதீர்கள். அளப்பவர் கைக்கே அந்த வேறுபாடு உண்டு. பழைய படங்கள் இருந்தால்தான் இதைத் தீர்மானிக்க முடியும். ஆகவே அறிக்கைத் தாளோடு குறுந்தகட்டையும் ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பத்திரமாக வையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொள்பவர்களும் சி.டி.க்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நடப்பது, சமைப்பது, களை எடுப்பது, பேருந்தில் போவது, தாம்பத்தியம் ஆகிய எதற்கும் சிறிய வீக்கம் தடையன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு நெல் மூட்டையோ மணிலா மூட்டையோ தூக்குவதை மட்டும் தவிர்க்கச் சொல்கிறோம். இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் உட்கொள்ளுங்கள்; 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. பீடியும் சிகரெட்டும் தமனிச் சுவருக்குப் பகை. பத்தியம் எதுவும் இல்லை. கத்தரிக்காயைக் குறித்து எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுகிறது, தாராளமாக உண்ணலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். வயிற்று வலி வந்தால் 'குடலேற்றம்' என்று எண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி உருவிவிடும் வழக்கம் ஊர்களில் இன்றும் உண்டு. இந்நோய் உள்ளவர் அதற்கு உடன்படவே கூடாது. இடப்புற மேல்வயிற்றில் திடீரென எழும் கடும் வலி, அதோடு இடத்தோளிலும் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுதல், மயக்கம் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். தோளில் வலி என்றதும் 'வாய்வுப் பிடிப்பு' என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுப்பார்கள். உள்ளே கசிந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. சிலருக்கு இரத்தம் முதலில் இரைப்பைக்குப் பின்னுள்ள சிறு இடைவெளியில் தேங்கி, சற்று நேரம் அடங்கியிருந்து, பின்னரே வயிறு முழுவதும் பாய்கிறது. மயங்கி விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து 'இப்போது பரவாயில்லை' என்று சொல்லும் அந்த இடைவேளைதான் உயிரைக் காக்கக் கிடைக்கும் நேரம். வலி குறைந்ததென்று வீட்டில் வைத்திராமல் 108ஐ அழையுங்கள். ஊர்தியில் ஏறும்போதே 'மண்ணீரல் தமனியில் வீக்கம் உள்ளவர்' என்று சொல்லிவிடுங்கள். எங்கே கொண்டுசெல்வது என்பது அந்த ஒரு வாக்கியத்தைப் பொறுத்தது.

சிகிச்சை என்றதும் வயிற்றைக் கிழிப்பார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. இன்று பெரும்பாலும் தொடையிலோ கையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிளாட்டினத்தாலான நுண்ணிய கம்பிச் சுருள்களை வைத்து வீக்கத்தை அடைத்துவிடுகிறோம். சிலருக்கு உறையிட்ட ஸ்டென்ட் வைத்துத் தமனியைத் திறந்தபடியே காக்கவும் முடியும். தமனியை அடைத்தால் மண்ணீரல் அழுகிவிடாதா என்று கேட்கிறார்கள். இரைப்பையிலிருந்து வரும் சிறு தமனிகள் அதற்கு இரத்தம் தருவதால் பெரும்பாலும் அது பிழைத்துக்கொள்கிறது. சில நாட்கள் காய்ச்சலும் இடப்புற வலியும் இருக்கலாம். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் சுருள் வைத்த விவரத்தை அங்கே கூறுங்கள். மண்ணீரலுக்கு மிக அருகில் வீக்கம் இருந்து, மண்ணீரலையே அகற்ற நேரிட்டால், நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் கட்டாயம் தேவை. அதன்பின் வரும் எந்தக் காய்ச்சலையும் எளிதாக எண்ணலாகாது.

சுருள்களின் விலை குறைவன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே அதைக் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, தமக்குரிய சிகிச்சை அதில் அடங்குமா என்று கேட்டறிந்துகொள்ள வேண்டும். ஒப்புதல் வரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களிலும் மேலே சொன்ன வலியோ மயக்கமோ வந்தால் ஒப்புதலுக்காகக் காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.