ஆகாயத்தில் ஒரு ஜங்ஷன்: சென்னைப் பயணி ஏன் துபாயில் இறங்கி ஏறுகிறார்?

சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு டிக்கெட் தேடிப் பாருங்கள். எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ், எதிஹாட் என்று வரிசையாக வந்து நிற்கும். துபாய், தோஹா, அபுதாபி என ஏதோ ஓர் ஊரில் இறங்கி, சில மணி நேரம் காத்திருந்து, இன்னொரு விமானம் ஏற வேண்டும். பேரக்குழந்தையைப் பார்க்க முதல்முறை அமெரிக்கா கிளம்பும் தாத்தா, பாட்டிகளுக்குப் பிள்ளைகள் போனில் திரும்பத் திரும்பச் சொல்லித்தருவது இந்த 'மாறி ஏறும்' வித்தையைத்தான்.

2024-ல் துபாயின் மக்கள்தொகை 40 லட்சத்தைத் தாண்டவில்லை. ஆனால், அந்த ஆண்டு துபாய் சர்வதேச விமான நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் 9.23 கோடி பேர்! அதில் இந்தியாவுக்கு வந்து போனவர்கள் மட்டும் சுமார் 1.2 கோடி. வேறு எந்த நாட்டுக்கும் இவ்வளவு கூட்டம் இல்லை. பயணிகள் இந்தியாவில் இருக்கிறார்கள். ஜங்ஷன் மட்டும் வேறு ஊரில் இருக்கிறது. இது எப்படி நடந்தது?

விழுப்புரம் கணக்கு

விமானத் துறையில் 'ஹப்' என்பது நமக்குத் தெரிந்த ரயில்வே ஜங்ஷன்தான். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை எனப் பல பக்கமும் தண்டவாளம் பிரியும் விழுப்புரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரின் அளவைவிட அதிகக் கூட்டம் அங்கே மாறி ஏறும்.

இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 10 ஊர்களிலிருந்து 10 விமானங்கள் ஒரே வேளையில் வந்து இறங்குகின்றன. அடுத்த இரண்டு, மூன்று மணி நேரத்தில் வேறு 10 ஊர்களுக்கு 10 விமானங்கள் கிளம்புகின்றன. மொத்தம் 20 விமானங்கள்தான். ஆனால், 100 வழித்தடங்களுக்கு டிக்கெட் விற்கலாம். சென்னையிலிருந்து டப்ளினுக்கு ஒரு நாளில் 20 பேர்தான் போகிறார்கள் என்றால், அதற்கென்று நேரடி விமானம் விட முடியாது. ஹப் வழியாக அந்த 20 பேரையும் லாபத்தோடு அழைத்துப் போகலாம்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் விமானங்களில் பல ஏன் அதிகாலை 3, 4 மணிக்குச் சென்னையிலிருந்து கிளம்புகின்றன என்று எரிச்சல்பட்டதுண்டா? அந்த நேரம் உங்கள் வசதிக்காக வைத்ததல்ல. துபாயிலும் தோஹாவிலும் காலையில் ஐரோப்பா, அமெரிக்காவுக்குக் கிளம்பும் விமான வரிசையைப் பிடிப்பதற்காக வைத்தது.

கராச்சிக்கு ஒரு விமானம்

எமிரேட்ஸ் தொடங்கியது 1985-ல். துபாய் அரசு கொடுத்த முதல் 1 கோடி டாலர். பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸிடம் வாடகைக்கு எடுத்த விமானங்கள். 1985 அக்டோபர் 25-ல் முதல் விமானம் கராச்சிக்குப் பறந்தது. அடுத்தடுத்து மும்பை, டெல்லி. ஆக, தெற்காசியப் பயணிகளை நம்பித்தான் அந்த நிறுவனமே பிறந்தது.

30 ஆண்டுகள்கூட ஆகவில்லை. 2014-ல் சர்வதேசப் பயணிகள் எண்ணிக்கையில் லண்டன் ஹீத்ரோவை முந்தி உலகின் முதலிடத்துக்கு வந்தது துபாய். இப்போது அதுவும் போதவில்லை. 2024 ஏப்ரலில், அல் மக்தூம் விமான நிலையத்தில் 12,800 கோடி திர்ஹாம் செலவில் புதிய முனையத்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. ஐந்து ஓடுபாதைகள், 400 விமான வாயில்கள், முழுமையாக முடியும்போது ஆண்டுக்கு 26 கோடி பயணிகள் என்பது திட்டம்.

துபாய் கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால், மஸ்கட்டும் மும்பையும்கூட ஏறக்குறைய அதே நடுவில்தான் இருக்கின்றன. அரசு, விமான நிறுவனம், விமான நிலையம் மூன்றும் ஒரே திசையில் 40 ஆண்டுகள் இழுத்ததுதான் வித்தியாசம்.

வானத்துக்கும் ரேஷன் உண்டு

ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டில் நினைத்தபோது இறங்கிவிட முடியாது. 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி அவரவர் வானம் அவரவருக்கு. வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் என்பதை இரு நாடுகளும் பேசி முடிவு செய்கின்றன.

இந்தியா - துபாய் இடையே ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கைகள். அவை என்றோ நிரம்பிவிட்டன. கூடுதலாக வேண்டும் என்று எமிரேட்ஸ் தலைவர் டிம் கிளார்க் பல ஆண்டுகளாகக் கேட்கிறார். கொடுத்தால் டிக்கெட் விலை குறையும் என்பது அவர்கள் வாதம். ஏர் இந்தியாவோ, கோடிகளைக் கொட்டிப் பெரிய விமானங்கள் வாங்கும் நேரத்தில் பயணிகளை வெளி ஹப்களுக்குத் திறந்துவிட்டால் எப்படிப் பிழைப்பது என்று கேட்கிறது. பயணிக்கு இன்று மலிவு டிக்கெட் வேண்டும். நாட்டுக்கு நாளை சொந்த ஹப் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது மத்திய அரசு.

சென்னைக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. ஜெட் ஏர்வேஸ் 2007-ல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸைத் தன் ஹப்பாக வைத்துக்கொண்டது. மும்பை, டெல்லி, சென்னை விமானங்கள் அங்கே ஒன்றுகூடி, பயணிகளை மாற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பறந்தன. 2013-ல் எதிஹாட் அந்த நிறுவனத்தின் 24% பங்குகளை வாங்கியது. அதே சமயத்தில் அபுதாபிக்கான வார இருக்கைகள் சுமார் 13,000-லிருந்து 50,000-ஆக உயர்த்தப்பட்டன. ஹப் அபுதாபி பக்கம் சாய்ந்தது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் தன் விமானங்களை நிறுத்தியது. அதன் பைலட்கள் பலர் வேலை தேடி வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போனார்கள்.

விமானம் வாங்கலாம், பைலட்?

2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு இண்டிகோ 500 விமானங்கள். பிறகு நீண்ட தூரத்துக்கென ஏர்பஸ் ஏ350 ரகத்தில் 60 விமானங்களை இண்டிகோ கேட்டிருக்கிறது. இதெல்லாம் தலைப்புச் செய்தி ஆனது. யார் ஓட்டுவது என்ற கேள்விதான் பெரிதாக எழவில்லை.

2021 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவப் பாதையில் பெங்களூருக்கு வந்த ஏர் இந்தியா விமானம் நினைவிருக்கிறதா? கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் காக்பிட்டில் இருந்தவர்கள் நால்வர், நால்வரும் பெண்கள். அவ்வளவு நீண்ட பயணத்தில் இருவர் ஓட்ட, இருவர் ஓய்வெடுக்க வேண்டும்.

அப்படி ஒரு விமானம் தினமும் 14 மணி நேரம் பறந்தால், ஆண்டுக்கு 5,000 மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான்கு பேர் என்றால் 20,000 பைலட்-மணி. இந்திய விதிப்படி ஒரு பைலட் ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ஆக, ஒரே ஒரு விமானத்துக்கு 20 பைலட்கள். விடுப்பு, பயிற்சி, உடல்நலம் எல்லாம் சேர்த்தால் இன்னும் அதிகம். 60 விமானங்களுக்கு 1,200 பேருக்கும் மேல்!

அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். பைலட்டின் வேலை தொடங்கி முடியும் ஊருக்கு 'பேஸ்' என்று பெயர். எமிரேட்ஸ் தன் பைலட்களை துபாயில்தான் குடிவைக்கிறது. வரியில்லாச் சம்பளம், வீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று குடும்பத்தோடு அழைத்துக்கொள்கிறது. பைலட் குடியிருக்கும் ஊரிலேயே ஹப் இருப்பதால், ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் அதே ஊரில் கிடைப்பார். ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் இதற்கு மாறாக கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி போன்ற நாடுகளில் பேஸ் வைத்திருந்தது. பைலட்கள் சொந்த நாட்டிலேயே வாழ்ந்தார்கள். கொரோனா நஷ்டத்தில் 2021-ல் அந்த பேஸ்களை மூட முடிவெடுத்தது.

இண்டிகோ 2025 ஜூலையில் மும்பையிலிருந்து மான்செஸ்டர், ஆம்ஸ்டர்டாமுக்கு நீண்ட தூரச் சேவையைத் தொடங்கியபோது, நார்வேயின் நார்ஸ் அட்லான்டிக்கிடமிருந்து விமானத்தைப் பைலட்களோடு சேர்த்தே வாடகைக்கு எடுத்தது.

டிசம்பர் சொன்ன பாடம்

பைலட்களுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது; இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. களைத்த பைலட் ஆபத்து என்பதால் வந்த விதிகள் இவை. 2025 நவம்பரில் முழுமையாக அமலான இந்த விதிகளுக்கு ஏற்றபடி இண்டிகோவின் திட்டமிடல் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரே நாளில் 1,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. கல்யாணத்துக்கும் தேர்வுக்கும் கிளம்பியவர்கள் விமான நிலையத் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அரசு விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியிருந்தது.

ஏர் இந்தியாவின் சிக்கல் வேறு. 2025 ஏப்ரலிலிருந்து பாகிஸ்தான் வான்பரப்பு இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டது. டெல்லியிலிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்கள் சுற்றிப் பறந்தன. சில, எரிபொருளுக்கும் பைலட்கள் மாறுவதற்கும் வியன்னாவில் இறங்கின. டெல்லி - வாஷிங்டன் சேவை செப்டம்பரில் நின்றது. அதே வான்பரப்பு வளைகுடா நிறுவனங்களுக்குத் திறந்தே இருந்தது.

ஆனால் வளைகுடா ஹப்களும் அசைக்க முடியாதவை அல்ல. 2024 ஏப்ரல் பெருமழையில் துபாய் ஓடுபாதை வெள்ளக்காடானது. 2025 ஜூன் 23-ல் கத்தார் வான்பரப்பை மூடியபோது, தோஹா வழியாகச் செல்ல வேண்டியவர்கள் பல நாடுகளில் சிக்கிக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே ஜங்ஷனில் மாறினால், அது நின்றால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

பரந்தூருக்கு முன்னால்

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையமாக, ஆண்டுக்கு 10 கோடி பயணிகளைக் கையாளும் அளவில் பரந்தூர் திட்டமிடப்பட்டிருக்கிறது. நிலத்தையும் வீட்டையும் இழக்க மாட்டோம் என்று ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடி வருகிறார்கள். அவர்களிடம் இவ்வளவு பெரிய விலை கேட்கும் அரசு, ஓடுபாதையின் நீளத்தையும் முனையத்தின் பரப்பையும் மட்டும் சொன்னால் போதாது. எந்த விமான நிறுவனம் இங்கே தன் பெரிய விமானங்களை நிறுத்தும், எத்தனை பைலட்கள் இங்கே குடியிருப்பார்கள், எந்தெந்த ஊர்களின் விமானங்கள் இங்கே வந்து சந்திக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றுக்குப் பதில் இல்லாமல் கட்டினால், பரந்தூரிலிருந்தும் அதிகாலை 4 மணி விமானம் துபாய்க்குத்தான் கிளம்பும்.