மாணாக்கராய் அமர்ந்த குருவானவர்

பல்கலைக்கழகம் புகும் இளைஞர் இரண்டு பொருள்களோடு செல்கின்றனர். ஒன்று கையிலே தூக்கிச் செல்லும் பெட்டி. மற்றொன்று உள்ளத்திலே தாங்கிச் செல்லும் சமய நம்பிக்கை. பெட்டியை எங்கே வைப்பதென்பது விடுதியை அடைந்த அன்றே தெரிந்துவிடும். நம்பிக்கையை எங்கே வைப்பதென்பது மூன்று நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் பலர்க்குத் தெரிவதில்லை. சிலர் அதனைப் பெட்டியின் அடியிலே இட்டுப் பூட்டிவிடுகின்றனர். வேறு சிலர் அதனையே மதிலாக எழுப்பி, அம்மதிலுக்குள்ளே தம்மவர் சிலரோடு மட்டும் வாழ்ந்து, பட்டம் பெற்று மீள்கின்றனர். இவ்விரண்டிற்கும் வேறாய் மூன்றாவது வழி ஒன்று உண்டா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவனின் வினா. யான் இப்பொழுது தங்கியிருப்பது மாத்தளை மாவட்டத்து வில்கமுவ. வஸ்கமுவ வனத்தை அடுத்து, வயலும் காடும் கலந்து கிடக்கும் நாடு இது. யானைக்கு அஞ்சி இரவெல்லாம் விழித்துப் பயிர் காக்கும் உழவர் வாழும் இடம். சிங்கள பௌத்த மக்களே பெரும்பாலர். இத்திசையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கிறித்தவ மாணவன் ஒருவன் என்னிடம் தமிழ் பாடங்கேட்க வந்தான். ஒருநாள், “ஐயா, தமிழை ஒரு பாடமாக எடுத்தால் தேவாரமும் திருவாசகமும் படிக்க நேருமே, அவற்றில் ஆழ்ந்தால் என் விசுவாசம் தளருமோ என்று வீட்டிலே அஞ்சுகின்றார்கள்” என்றான். யான் சைவ மரபில் வந்தவன். கிறித்தவ ஞானம் உரைக்கும் தகுதி எனக்கில்லை. ஆயின் தமிழ் கற்பிப்போன் என்ற முறையில், அவனுக்கு ஒருவரின் மாணவப் பருவத்தை எடுத்துச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. அவரே தனிநாயகம் அடிகளார்.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிலே பிறந்தவர். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். கொழும்பிலே குருமடம் புகுந்து, பின் உரோமாபுரி சென்று, 1938இல் குருப்பட்டம் பெற்றார். இறையியலிலே கலாநிதிப் பட்டமும் அங்கே பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலிய மொழிகள் அவர்க்குக் கைவந்தன. அதன்பின் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துப் பாடசாலையிலே ஆசிரியப் பணி ஏற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்த அவர்க்குத் தம் தாய்மொழியின் பழைய இலக்கியம் மட்டும் அயலாய் நின்றது. ஆங்கிலத்தின் வழியே கல்வி பெற்ற அக்காலத்தவர் பலர்க்கும் நேர்ந்த குறையே அது. அவர் நாணி ஒதுங்கவில்லை. பண்டிதர் ஒருவரை அடுத்துத் தமிழ் பாடங்கேட்கத் தொடங்கினார்.

அவ்வளவோடு அமைந்திருப்பினும் குறை கூறுவார் யாருமில்லை. ஆயின் 1945இல், தமது 32ஆம் அகவையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் முதுகலை வகுப்பிலே அவர் மாணாக்கராய்ச் சேர்ந்தார். பலிபீடத்திலே நின்று மறையுரை நிகழ்த்துபவர், முன்னரே கலாநிதியானவர். அத்தகையவர் தம்மினும் இளையோர் அருகே ஏடும் எழுதுகோலுமாய் அமர்ந்தார். அமர்ந்த இடமோ சிதம்பரம். சைவர்க்குக் கோயில் என்ற அளவிலே நினைவுக்கு வருவது அத்தலமேயன்றோ!

இவ்விடத்திலே மற்றொரு துறவியை நினையாமலிருத்தல் இயலாது. அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் 1931இல் அமர்ந்தவர், மட்டக்களப்புக் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளார். மயில்வாகனன் என்னும் இளமைப் பெயரோடு அவர் பயின்றது மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரி. பின்னாளில் விஞ்ஞானம் கற்பித்தது யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி. கத்தோலிக்கர் கல்லூரிகளிலே பழகியமையால் அவருடைய சமயப்பற்றுக் குன்றவில்லை. இராமகிருட்டிண சங்கத்துத் துறவியாய் உயர்ந்தார். தில்லைப் பதியிலே பயின்றமையால் தனிநாயகம் அடிகளாரின் குருத்துவமும் குன்றவில்லை. 1980ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் உயிர் நீங்கும்வரை அவர் குருவானவராகவே வாழ்ந்தார். ஈழம் ஈன்ற இவ்விரு துறவியரும் ஒருவர் வீட்டுக் கதவை மற்றவர் திறந்து சென்று, கற்று, மதிப்போடு மீண்டவர்கள்.

கிறித்தவக் குருமார் தமிழ் கற்றது புதிதன்றே என்று சிலர் வினவலாம். தத்துவபோதகர் கற்றார், வீரமாமுனிவர் காப்பியம் பாடினார், போப்பையர் 1886இல் திருக்குறளை ஆங்கிலத்திலே தந்தார். மெய்யே. ஆயின் அப்பெரியோர் சமயம் போதிக்க வந்தவர்கள். வந்த இடத்திலே தமிழின் சுவை அறிந்தவர்கள். தனிநாயகம் அடிகளார் தேர்வு எழுதித் தேற வேண்டிய மாணாக்கர். அவர் விடைத்தாளை மதிப்பிடும் பேராசிரியர்கள் வேறு சமயத்தவர்கள். குரு என்ற சிறப்புக்கு அங்கே தனிமதிப்பெண் இல்லை. அந்நிலையை விரும்பி ஏற்றதே அவருடைய மாணவப் பருவத்தின் அருமை.

முதுகலைக்குப் பின் எம். லிற். பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், சங்க இலக்கியத்திலே இயற்கை. அது பின்னர் ஆங்கிலத்திலே நூலாக வெளிவந்தது. குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும் பாலையும் மாந்தர் உள்ளத்தோடு எவ்வாறு இயைந்தன என்பதை, கிரேக்க, உரோம, வடமொழிப் பாடல்களோடு ஒப்புநோக்கி அதிலே விளக்கினார். இலத்தீன் கற்ற குருமடப் பயிற்சி அங்கே அவர்க்குத் துணைநின்றது. தம் சமயக் கோட்பாட்டைச் சங்கப் புலவர் வாயிலே வலிந்து புகுத்தும் வேலையை அவர் செய்யவில்லை. பிறர் நூலை உள்ளவாறு உரைத்தல் உண்மையின்பாற்படும். உண்மையைப் பேணுதல் இறைவனைப் பேணுதலாகும். நூலகத்திலே கழிந்த அவருடைய நாள்களும் ஒருவகை வழிபாடே என்று யான் கருதுவது இதனாலேயே.

இனி, அம்மாணவன் வீட்டாரின் அச்சத்துக்கு வருவோம். அது காரணமற்ற அச்சமன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, கிறித்தவராய் வளர்ந்து பின்னர்ச் சைவம் தழுவியவர். தமிழ் கற்றமையால் அவ்வாறாயிற்று என்பாரும் உளர். ஆயின் அவர் மகனார் அழகசுந்தரம் கிறித்தவத்தைத் தழுவிப் பிரான்சிஸ் கிங்ஸ்பெரியானார்! அவரும் தமிழறிஞரே. ஒரே தமிழ் தந்தையைச் சைவத்துக்கும் மகனைக் கிறித்தவத்துக்கும் கொண்டு சென்றது என்று சொல்லலாமா? வழியைத் தேர்ந்தது அவரவர் உள்ளம். தமிழ் இருவரிடத்தும் வளர்த்தது வேறொன்று: நேர்மை. சைவரான தந்தையார் பௌத்தச் சார்புடைய வீரசோழியத்தை 1881இலும், சமண காப்பியமாகிய சூளாமணியை 1889இலும் பதிப்பித்துக் காத்தார். கிறித்தவரான மகனார், பிலிப்ஸ் என்பாரோடு சேர்ந்து சைவ அடியார் பாடல்களை ஆங்கிலமாக்கி 1921இல் வெளியிட்டார். நம்பிக்கை மாறலாம், மாறாதிருக்கலாம். பிறர் செல்வத்தைப் பழுதுபடாமற் கையாளும் பண்பு மட்டும் கற்றவனிடம் மாறலாகாது.

தனிநாயகம் அடிகளார் 1952 முதல் 1961 வரை இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கல்வித்துறை விரிவுரையாளராயிருந்தார். 1554இல் லிசுபனிலே உரோம எழுத்தில் அச்சான தமிழ்நூலையும், 1586இல் தமிழெழுத்தில் அச்சான ‘அடியார் வரலாறு’ என்னும் நூலையும் ஐரோப்பிய நூலகங்களிலே கண்டு தமிழுலகுக்கு அறிவித்தார். 1964இல் தில்லி மாநகரிலே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரிலே முதல் மாநாடு கூடவும் முன்னின்றார். தமிழைப் பக்தியின் மொழி என்று உலகெங்கும் எடுத்துரைத்தார். பக்தி என்று அவர் சொல்லியபோது ஆழ்வாரும் நாயன்மாரும் அச்சொல்லுள் அடங்கினர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இவையெல்லாம் அண்ணாமலையிலே மாணாக்கராய் அமர்ந்த அப்பணிவிலிருந்து முளைத்தவையே.

இனிப் பேராதனை செல்லும் மாணவனுக்கு யான் சொல்லியவற்றைச் சுருக்கமாய்க் கூறுவேன். செபமும் ஞாயிறு வழிபாடும் பற்றி உன் குருமார் சொல்லுவர், அவற்றைக் கேள். யான் சொல்வது மற்ற ஆறு நாள்களைப் பற்றி. தேவாரத்தைப் படிக்கும்போது, அதனைப் பாடி உருகும் அன்பர் பக்கத்திலே இருப்பதாக எண்ணிப் படி. விடைத்தாளிலே உனதல்லாத சொல்லை உனதென்று எழுதாதே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டிலே கிறித்தவர் நூற்றுக்கு ஏழு பேரளவினர். ஆயினும் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே திருச்சபையிலே கூடி மண்டியிடுவது அவர்களிடத்துக் காணும் சிறப்பு. ஆதலின் அடுத்த அறைத் தோழனின் மொழியைக் கற்றுக்கொள். அது உன் சமயத்தார்க்கு எளிதிற் கைகூடும் தொண்டு.

இன்னும் ஒன்று. பகிடிவதை என்னும் கொடுமையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் குற்றமென்று விதித்தும், நம் உயர்கல்வி நிலையங்களிலிருந்து அது முற்றும் ஒழிந்தபாடில்லை. முதலாண்டிலே அதனைப் பொறுக்கும் மாணவனே இரண்டாமாண்டிலே அதனைச் செய்பவனாகின்றான். நம்பிக்கைக்கு உண்மையான தேர்வு அந்த இரண்டாமாண்டிலேதான் வரும். புதிதாய் வந்த ஒருவன் அஞ்சி நிற்க, மூத்தோர் கூட்டம் நகைத்து நிற்க, நீ எவர் பக்கத்திலே நிற்பாய்? அதற்கு நீ தரும் விடையைக் கொண்டே உன் வேதத்தை அங்குள்ளோர் அறிவர். அவருட் பலர் வேறு வேதம் படித்திருக்கமாட்டார்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். நம்மிடம் பயில வரும் பிள்ளைகள் பல சமயத்தவர். தம் சமயத்தை வாயிலிலே கழற்றி வைத்துவிட்டுத்தான் தமிழுக்குள் நுழைய வேண்டும் என்ற எண்ணத்தை அவர்கட்கு ஒருபோதும் ஊட்டலாகாது. பௌத்தர் எழுதிய மணிமேகலையும், சமணர் எழுதிய சிந்தாமணியும், உமறுப்புலவரின் சீறாவும், வீரமாமுனிவரின் தேம்பாவணியும் ஒருங்கே வைக்கப்பெற்ற வீடு தமிழ். அவ்வீட்டிலே 32 வயதுக் குருவானவர் ஒருவர்க்கு மாணாக்கர் இருக்கையிலே இடம் கிடைத்தது. இன்று வரும் பிள்ளைக்கும் அவ்விடம் கிடைக்குமாறு காப்பது நம் கடன்.