குவாம் தீவின் நரம்பு நோய்: காரணம் பரம்பரையா, சூழலா?

பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவின் சமோரோ மக்களிடையே, தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோய் 1950-களில் உலகின் பிற பகுதிகளைவிட 50 முதல் 100 மடங்கு அதிகமாக இருந்தது. சிலருக்கு நடுக்குவாதமும் மறதி நோயும் சேர்ந்தே வந்தன. ஒரே குடும்பத்தில் பலரைப் பாதித்ததால் பரம்பரை நோய் என்ற ஐயம் எழுந்தது. ஆனால், குடும்பத்தார் பகிர்வது மரபணுவை மட்டுமல்ல. அடுப்பையும் உணவையும் தண்ணீரையும்தான். தீவில் நெடுங்காலம் வாழ்ந்த பிலிப்பைன்ஸ்காரர்கள் சிலருக்கும் இந்நோய் வந்தது. சூழலே காரணம் என்பதற்கு அதைவிட வலுவான சான்று, அடுத்த சில பத்தாண்டுகளில் ஏ.எல்.எஸ். அங்கே வெகுவாகக் குறைந்ததுதான். அவ்வளவு விரைவில் மரபணுக்கள் மாறுவதில்லை. வாழ்க்கை முறை மாறும்.

அப்படியானால் சூழலில் எது? சமோரோ மக்கள் உண்ட சைக்கஸ் மர விதை மாவிலுள்ள பி.எம்.ஏ.ஏ. என்ற நச்சைச் சிலர் சுட்டினர். விதையைப் பலமுறை ஊறவைத்துக் கழுவினால் நச்சு பெருமளவு நீங்கிவிடுமே என்பது நியாயமான மறுப்பு. அந்த விதையைத் தின்னும் பழந்தின்னி வௌவாலை மக்கள் உண்டதால் நச்சு செறிவாக உடலில் சேர்ந்திருக்கலாம் என்றனர், 2002-இல் தாவரவியலாளர் பால் காக்ஸும் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸும்; அதுவும் நிரூபணமாகவில்லை. மரபணுவையும் ஒதுக்க முடியாது: நரம்பணுக்களில் உள்ள டௌ என்ற புரதத்துக்கான மரபணுவின் வேறுபாடுகளுக்கும் நோய் அபாயத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஆகவே, நோயைத் தூண்டியது சூழல், அது யாரை எளிதில் தாக்கும் என்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும் முடிவு.