விளையாட்டுக் கணனி: அளவான பணத்தில் நிறைவான பயன் பெறுவது எவ்வாறு?

கண்டி நகரிலும் அதனைச் சூழவுள்ள அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மடவளை, பேராதனை, கம்பளை, குண்டசாலை முதலிய இடங்களிலும் கணனி விளையாட்டுக்களில் ஆர்வங்கொண்ட இளைஞர்கள் பலர் உள்ளனர். அவர்களது வீடுகளில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்குமிடையே அடிக்கடி எழும் வாக்குவாதங்களுள் ஒன்று, இத்தகைய கணனியொன்றுக்கு எவ்வளவு செலவிடுவது என்பதாகும். இதனை வெறும் பொழுதுபோக்குச் செலவென ஒதுக்கிவிடவும் முடியாது. 2023 ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் கணனி விளையாட்டுக்கள் பதக்கத்துக்குரிய போட்டிகளாகவே இடம்பெற்றன. மேலும், இவ்விளையாட்டுக்களை இயக்கவல்ல கணனியே முப்பரிமாண வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு, மென்பொருள் உருவாக்கம் ஆகியவற்றுக்கும் உகந்தது. உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு இத்துறைகளில் கால் பதிக்க விரும்பும் மாணவருக்கு அது கல்விச் சாதனமாகவும் அமைகின்றது.

ஆயினும் பணம் இலகுவில் கிடைப்பதில்லை. 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 8 வீதமாக இருந்த வற் வரி 2022 ஜூனில் 12 வீதமாகவும், செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்த்தப்பட்டது. கணனியின் பாகங்கள் அனைத்தும் இறக்குமதிப் பொருட்களாதலால் இவ்விரு சுமைகளும் நேரடியாக வாங்குபவரின் தலையிலேயே விழுந்தன. வளைகுடா நாடொன்றில் உழைக்கும் தந்தை அனுப்பிய பணமோ, தாய் சிறுகச் சிறுகச் சேர்த்த சீட்டுப் பணமோ பிழையான தெரிவொன்றினால் வீணாகிவிடக் கூடாது. எனவே, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவிடலாம், எதில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கவே கூடாது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

முதலில் தேவையை வரையறுத்தல்

கடைக்குச் செல்வதற்கு முன்னர் விடை காண வேண்டிய வினாக்கள் இரண்டு. எந்த விளையாட்டுக்களை விளையாடப் போகின்றோம்? எந்தத் திரையில் பார்க்கப் போகின்றோம்? வெலொரன்ட், கவுன்ரர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுக்கள் ஒப்பீட்டளவில் இலகுவானவை. பரந்த உலகினைச் சித்திரிக்கும் புதிய கதை விளையாட்டுக்களோ பன்மடங்கு ஆற்றலைக் கோருபவை. அவ்வாறே, நொடிக்கு 60 தடவை மட்டுமே புதுப்பிக்கப்படும் சாதாரண திரையொன்று 60 படச்சட்டங்களுக்கு மேல் காட்டாது. அத்தகைய திரையை வைத்துக்கொண்டு நொடிக்கு 200 படச்சட்டங்களைத் தரும் அட்டையை வாங்குவதில் போட்டி விளையாட்டுக்காரருக்குச் சிறிது பயனிருக்கலாம். ஏனையோருக்கு அது பெரும்பாலும் வீண் செலவே. 1080பி எனப்படும் சாதாரண தெளிவுத்திறன் கொண்ட திரையே சிக்கனமாக வாங்குவோருக்குப் பொருத்தமானது.

பணத்தைப் பங்கிடும் முறை

திரை, விசைப்பலகை, சுட்டி, யூ.பி.எஸ். ஆகியவற்றுக்கான தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை நூறு பங்காகக் கொள்வோம். அதில் கிராபிக்ஸ் கார்டுக்கு 35 பங்கும், செயலிக்கு 17 பங்கும், நினைவகத்துக்கு 15 பங்கும், தாய்ப்பலகைக்கு 13 பங்கும், எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு 8 பங்கும், மின்வழங்கிக்கு 8 பங்கும், கேசிங்குக்கு 4 பங்கும் ஒதுக்கலாம். இது மாற்றமுடியாத விதியன்று. எனினும், வண்ண விளக்குகள் மின்னும் கேசிங்குக்குப் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டுக் கிராபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடிக்கும் வழக்கத்தைத் தவிர்க்க இக்கணக்கு உதவும்.

விளையாட்டின் காட்சிகளை வரைவது கிராபிக்ஸ் கார்ட் ஆகும். 2021 இல் வெளிவந்த ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி நினைவகத்துடன் 132 வாற்று மின்சாரத்தில் 1080பி தெளிவுத்திறனைச் செவ்வனே கையாளக் கூடியது. அதே ஆண்டு வெளிவந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் பொதுவான வடிவம் 12 ஜிபி நினைவகம் கொண்டது. 170 வாற்று கோருவது. 2024 டிசம்பரில் இன்டெல் வெளியிட்ட ஆர்க் பி580 கார்டும் 12 ஜிபி நினைவகம் கொண்டது. புதிய விளையாட்டுக்கள் 8 ஜிபியையும் நிரப்பிவிடுவதால், விலை வித்தியாசம் சிறிதெனில் 12 ஜிபி கார்டை நாடுவதே தூரநோக்குடையதாகும்.

செயலியைப் பொறுத்தவரை, 2022 இல் வந்த ரைசன் 5 5600 ஆறு கருக்களையும், அதே ஆண்டு வந்த இன்டெல் கோர் ஐ3 12100எஃப் நான்கு கருக்களையும் கொண்டவை. இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விடயமொன்றுண்டு. இன்டெல் செயலியின் இலக்கத்துக்குப் பின்னால் "எஃப்" என்ற எழுத்து இருப்பின் அதனுள் காட்சித் திறன் இல்லை. ரைசன் 5 5600 செயலியிலும் அது இல்லை. கிராபிக்ஸ் கார்ட் பொருத்தும்வரை இவற்றைக் கொண்ட கணனியின் திரையில் எதுவுமே தோன்றாது. கார்டைப் பின்னர் வாங்கலாம் என எண்ணுபவர்கள் காட்சித் திறன் உள்ளடங்கிய ரைசன் 5 5600ஜி போன்ற செயலியைத் தெரிவு செய்வது நன்று. இலகுவான போட்டி விளையாட்டுக்களை அதிலேயே ஆரம்பித்து, பணம் சேர்ந்த பின் கார்டைப் பொருத்திக்கொள்ளலாம்.

இவ்விரு ரைசன் செயலிகளும் ஏஎம்4 என்ற பழைய பொருத்துகைக்கு உரியவை. டிடிஆர்4 நினைவகத்தைப் பாவிப்பவை. 2022 இல் அறிமுகமான ஏஎம்5 பொருத்துகை டிடிஆர்5 நினைவகத்தை மட்டுமே ஏற்கும். எதிர்காலத்தில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள விரும்புவோருக்கு ஏஎம்5 ஏற்றது. இன்றைய செலவைக் குறைக்க விரும்புவோர் ஏஎம்4 பக்கம் செல்லலாம். ஆனால், நினைவகத்தின் விலையை வாங்கும் நாளிலேயே விசாரித்து முடிவெடுக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பெருந்தேவை காரணமாக 2025 இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் சடுதியாக உயர்ந்தது. மைக்ரோன் நிறுவனம் "குருஷியல்" என்ற தனது நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தமை இந்நெருக்கடியின் ஆழத்தைக் காட்டுகின்றது. 16 ஜிபி நினைவகத்தை ஒரே துண்டாக அன்றி 8 ஜிபி கொண்ட இரு துண்டுகளாகப் பொருத்தினால் தரவு இரு வழிகளிற் பாயும். காட்சித் திறன் உள்ளடங்கிய செயலியைப் பாவிப்போருக்கு இது மிகப் பெரிய வேறுபாட்டைத் தரும்.

சிக்கனம் கூடாத இடம்

கேசிங்குடன் இலவசமாக வரும் மின்வழங்கியே பல கணனிகளுக்கு எமனாகின்றது. அதன் மேல் "500 வாற்று" எனப் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கலாம். அதை நம்பாமல் பக்கத்திலுள்ள அட்டவணையில் 12 வோல்ற்று நிரலைப் பார்க்க வேண்டும். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்நிரலிலிருந்தே மின்சாரத்தைப் பெறுகின்றன. அங்கு 18 அம்பியர் என்றிருந்தால், 12 ஐ 18 ஆற் பெருக்க வருவது 216 வாற்று மட்டுமே. 38 அம்பியர் என்றிருந்தால் 456 வாற்று கிடைக்கும். "80 பிளஸ்" என்னும் முத்திரை மின்சாரம் வீணாகாமையைக் குறிக்கின்றதே தவிர, பாதுகாப்புக்கான சான்றிதழன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மேலே குறிப்பிட்ட ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 இணைக்கு நற்பெயர் பெற்ற நிறுவனமொன்றின் 500 அல்லது 550 வாற்று மின்வழங்கி தாராளமாகப் போதும்.

கண்டியின் சூழலும் கருத்திற்கொள்ளத்தக்கது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள இந்நகரின் வெப்பம் கொழும்பை விடக் குறைவு. ஆதலால் நடுத்தரக் கணனியொன்றுக்கு விலை கூடிய திரவக் குளிரூட்டி தேவையில்லை. செயலியுடன் வரும் காற்றாடியே போதுமானது. மறுபுறம், ஈரப்பதன் அதிகம். பருவ மழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களையொட்டிப் பிற்பகல்களில் இடிமின்னல் கடுமையாகும். எனவே, நிலத்தொடுப்புச் சரியாக உள்ளதா என மின்னியலாளரைக் கொண்டு பரிசோதித்தலும், மின்னல் வேளையில் மின்செருகியுடன் இணைய இணைப்புக் கம்பியையும் கழற்றிவிடுதலும் அவசியம். மின்னலாற் கருகிய பாகங்களுக்கு உத்தரவாதம் செல்லுபடியாவதில்லை என்பது பல பற்றுச்சீட்டுக்களில் காணப்படும் நிபந்தனையாகும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீடித்த மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். யூ.பி.எஸ். வாங்கும்போது அதன் மேலுள்ள "விஏ" அளவை விடக் கிடைக்கும் வாற்று அளவு குறைவு என்பதை அறிந்து வாங்க வேண்டும். அது விளையாட்டைத் தொடர்வதற்காக அன்றி, கணனியைப் பாதுகாப்பாக நிறுத்துவதற்காகவே உள்ளது. மின்கட்டணமும் ஒரு செலவே. திரையுடன் சேர்த்து 300 வாற்று பாவிக்கும் கணனியில் நாளாந்தம் 4 மணித்தியாலங்கள் விளையாடினால் 30 நாட்களில் 36 அலகுகள் செலவாகும். நுகர்வு கூடக் கூட ஓர் அலகின் விலையும் உயரும் படிமுறைக் கட்டணத்தில், இந்த 36 அலகுகள் வீட்டின் முழுப் பட்டியலையுமே அடுத்த படிக்குத் தள்ளிவிடக் கூடும்.

பாவித்த பொருட்களில் பதுங்கியுள்ள அபாயம்

பாவித்த கிராபிக்ஸ் கார்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுட் பல ஈதர் நாணய அகழ்வில் இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டெம்பர் 15 இல் ஈதரியம் வலையமைப்பு தனது முறையை மாற்றியதும் அகழ்வுக்குப் பாவிக்கப்பட்ட கார்டுகள் உலகச் சந்தையில் வந்து குவிந்தன. அவை யாவும் பழுதானவை எனக் கூற முடியாது. எனினும் காற்றாடியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும் என எதிர்பார்க்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து பெயர் மயக்கமாகும். 2304 செயற்பாட்டு அலகுகள் கொண்ட ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே 2048 அலகுகள் மட்டும் கொண்ட குறைந்த வடிவமொன்றும் 2018 இல் வெளிவந்தது. பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றிப் புதிய கார்டாகக் காட்டி விற்கும் மோசடியும் உண்டு. ஜிபியூ-இஸட் என்ற இலவச மென்பொருள் இவற்றைப் பெரும்பாலும் வெளிப்படுத்திவிடும். விற்பவர் முன்னிலையில் அதனை இயக்கிப் பார்த்து, ஒரு கால் மணி நேரமேனும் கடும் சுமையில் ஓடவிட்டு, வெப்பநிலையை அவதானித்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும். குறையை மறைத்து விற்பதை எமது சமயங்கள் யாவும் கண்டிக்கின்றன. ஆயினும் அந்நெறியை விற்பவரிடம் எதிர்பார்த்து வாங்குபவர் கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

வெளிநாட்டு அலுவலகங்களிற் பாவித்துக் கழிக்கப்பட்ட கணனிகளை வாங்கிக் கிராபிக்ஸ் கார்ட் பொருத்துவோரும் உளர். இதில் இரு தடைகள் உள்ளன. முதலாவது, அவற்றின் மின்வழங்கி பெரும்பாலும் சிறியது. அந்நிறுவனத்துக்கே உரிய வடிவிலானது. இரண்டாவது, வின்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்துவிட்டது. வின்டோஸ் 11 ஐ இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட ஏறக்குறைய எந்தச் செயலிக்கும் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அங்கீகரிப்பதில்லை. வெலொரன்ட் விளையாட்டின் மோசடித் தடுப்பு மென்பொருளும் வின்டோஸ் 11 இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கோருகின்றது. நான்காம் தலைமுறைக் கணனியின் மலிவு விலைக்குப் பின்னால் இவ்வளவும் உள்ளன.

எங்கே வாங்குவது?

கொழும்பு பம்பலப்பிட்டியில் உள்ள யுனிட்டி பிளாசாவில் கடைகள் நெருங்கியிருப்பதால் விலைகளை ஒப்பிடுவது இலகு. ஆனால் கண்டியிலிருந்து அங்கு ஏறத்தாழ 116 கிலோமீற்றர் செல்ல வேண்டும். பாகமொன்று பழுதடைந்தால் கொண்டுசென்று கொடுக்க ஒரு பயணம், திரும்பப் பெற மற்றொரு பயணம் என நாளும் பணமும் கரையும். சிறிய விலை வித்தியாசமெனின் கண்டியிலேயே வாங்குவது சிறந்தது. கேட்ட விலையில் வற் வரி அடங்கியுள்ளதா எனவும் விசாரிக்க வேண்டும். ஓராண்டு உத்தரவாதம் என்பதை 350 நாட்கள் எனக் கணக்கிடும் வழக்கமும் எமது சந்தையில் உண்டு. கடன் அட்டைக்கு வட்டியற்ற தவணை வழங்கப்படும்போது, வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் "கையாளுகைக் கட்டணம்" என்ற பெயரில் வேறேதும் சேர்க்கப்படுகின்றதா என்பதையும், தவணை தவறினால் என்ன அறவிடப்படும் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

ஒவ்வொரு பாகத்தினதும் பெயரும் தொடரிலக்கமும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டைப் பெற மறக்கலாகாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கோரும் நுகர்வோருக்குப் பற்றுச்சீட்டு வழங்குவது வர்த்தகரின் கடமையாகும். பொருளிற் குறையிருப்பின் விற்பனை நடைபெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் அதிகாரசபைக்கு முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனையும் பெறலாம். பற்றுச்சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு வலுவிழந்துவிடும்.

நண்பனின் கணனியைப் பார்த்து அதே பாகங்களைக் கேட்கும் பிள்ளையிடம் பெற்றோர் ஒரு தாளைக் கொடுத்து, எந்த விளையாட்டுக்கு எந்தப் பாகம், என்ன விலை, எத்தனை மாத உத்தரவாதம் என எழுதித் தருமாறு கேட்கலாம். ஒரு வாரம் தேடி அப்பட்டியலை நிரப்பும் மாணவன் கணனியின் உள்ளமைப்பையும், பணத்தின் அருமையையும் ஒருசேரக் கற்றுக்கொள்வான். அவ்வாறு ஆராய்ந்து வாங்கப்படும் கணனி பல ஆண்டுகள் குடும்பத்துக்குப் பயன் தரும் என்பதில் ஐயமில்லை.