இணையச் சந்தையில் வேலை: இறங்குமுன் கணக்குப் பாருங்கள்

1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய கமக்காரக் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்குக் காணி இன்னும் கைக்கு வரவில்லை. அன்று தாயின் இடுப்பில் இருந்த குழந்தைகள் இன்று பிள்ளைகளைப் பெற்ற தாய் தகப்பன்மார். அந்தப் பிள்ளைகள் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள். குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்து வருகிற வருமானம் குத்தகைக்கும் மருந்துக்குமே சரியாகப் போகிறது. இந்த நிலையில், "வீட்டில் இருந்தபடியே கணினியில் வேலை செய்து டொலரில் உழைக்கலாம்" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கிறது. கணினி வாங்கக் காசு கேட்கிற பிள்ளைக்கு என்ன பதில் சொல்வதென்று பெற்றோர் யோசிக்கிறார்கள்.

இந்த வேலை பொய்யல்ல. எமது நாட்டிலும் இதனால் சீவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விளம்பரங்களில் சொல்லப்படுவது போல அது உடனே காய்க்கிற மரமும் அல்ல. ஒரு புதிய பயிரைச் செய்யுமுன் விதைக்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, சந்தையில் கழிவு எவ்வளவு என்று கமக்காரர் கணக்குப் பார்ப்பது வழக்கம். அதே கணக்கை இங்கேயும் பார்த்துக்கொண்டு இறங்க வேண்டும்.

இது எப்படிப்பட்ட சந்தை?

உலகின் எங்கோ இருக்கிற ஒரு வியாபாரிக்கு ஒரு படம் வரைய வேண்டும், ஒரு கணக்கேடு எழுத வேண்டும், ஓர் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் தர வேண்டும். அதற்காக அவர் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதில்லை. அந்த ஒரு வேலையை மட்டும் செய்து தர ஆள் தேடுகிறார். வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் இணைத்துவிட்டு, இடையில் தரகு எடுக்கிற நிறுவனங்களே இந்த இணையத் தளங்கள்.

இவற்றில் பலரும் அறிந்தவை இரண்டு. ஒன்று பைவர். இது 2010இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்டது. இங்கே வேலை செய்பவர் தன் கடையை விரித்து, "இன்ன வேலையை இன்ன விலைக்குச் செய்து தருவேன்" என்று எழுதி வைத்துவிட்டுக் காத்திருப்பார். மற்றது அப்வேர்க். முன்பு இயங்கிய இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகி, 2015இல் இந்தப் பெயரைப் பெற்றன. இங்கே பெரும்பாலும் வேலை கொடுப்பவர் தன் தேவையை அறிவிப்பார். செய்ய விரும்புவோர் கேள்விப்பத்திரம் போடுவதைப் போல விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் எவரும் எவருக்கும் முதலாளி அல்ல. ஆகவே ஊழியர் சேமலாப நிதி இல்லை, சுகவீன லீவு இல்லை, வேலை வராத மாதத்துக்குச் சம்பளமும் இல்லை. தோட்டம் செய்பவரின் நிலைதான் இவருடைய நிலையும்.

கழிவு எவ்வளவு?

யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நூறு கிலோ மரக்கறிக்குப் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டியதை எதிர்த்து விவசாயிகள் குரல் எழுப்பியது எல்லோருக்கும் தெரியும். இணையச் சந்தையின் கழிவு சில வேளை அதைவிடக் கூட. பைவரில் செய்பவரின் வருமானத்தில் 20 வீதம் வெட்டப்படுகிறது. அப்வேர்க்கில் 2023 முதல் 10 வீதமாக இருந்தது. 2025 மே மாதம் முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு, வேலையைப் பொறுத்து 15 வீதம் வரை போகலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். டொலர் ஒன்று 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பைவரில் 20 டொலருக்கு ஒரு வேலை கிடைக்கிறது. 4 டொலர் கழிவு போக 16 டொலர் மிஞ்சும். அதாவது 4,800 ரூபா. வேலைக்கு 8 மணித்தியாலம், வாங்குபவரோடு பேசித் திருத்தம் செய்ய இன்னும் 4 மணித்தியாலம் சென்றால், மணித்தியாலத்துக்கு 400 ரூபா விழுகிறது. இதிலிருந்து பணம் மாற்றும் கட்டணமும், டேற்றாச் செலவும், மின்சாரமும் போக வேண்டும். இந்தத் தொகையை உங்கள் ஊர்க் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்வேர்க்கில் விதைச் செலவும் உண்டு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 'கனெக்ட்' எனப்படும் சீட்டுகள் சிலவற்றைக் கொடுக்க வேண்டும். விலைக்கு வாங்கினால் ஒரு சீட்டு 15 டொலர் சதம். ஒரு விண்ணப்பத்துக்கு 10 சீட்டுப் போனால் ஒன்றரை டொலர். இருபது விண்ணப்பம் போட்டால் 30 டொலர், அதாவது 9,000 ரூபா. இருபதும் முளைக்காமல் போகலாம். ஆகவே கண்ட கண்ட வேலைக்கெல்லாம் விண்ணப்பிக்காமல், நன்றாகச் செய்யக்கூடியதற்கு மட்டும் கவனமாக எழுத வேண்டும்.

உழைத்த காசும் அன்றே கைக்கு வராது. பைவரில் வேலை முடிந்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்ட பின், புதியவர் 14 நாள் காத்திருக்க வேண்டும். நாளைய அரிசிக்கு இந்தக் காசை நம்ப முடியாது என்பதை வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

எதை விற்பது?

"எனக்கு எல்லாம் தெரியும்" என்று எழுதுகிற பிள்ளைக்கு வேலை கிடைப்பது அரிது. "இந்த ஒன்றை நன்றாகச் செய்வேன்" என்பவரையே தேடுகிறார்கள். முன்பு தொடக்கக்காரர் பலர் தட்டச்சு, தரவு பதிதல், எளிய மொழிபெயர்ப்பு, சிறு கட்டுரை எழுதுதல் ஆகியவற்றில் தொடங்கினர். 2022 நவம்பரில் சற்ஜிபிரி வெளிவந்த பின், இவற்றில் பல வேலைகளை இயந்திரமே செய்கிறது. தட்டச்சு மட்டும் பழகிக்கொண்டு இன்று இறங்குவது, விலை விழுந்துவிட்ட பயிரை நடுவது போன்றது.

மனிதருக்கு இன்னும் இடமுள்ள வேலைகள் சில உண்டு. எமது பேச்சுத் தமிழைக் கேட்டு எழுதுதல், இயந்திரம் செய்த தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்துதல், தமிழில் குரல் கொடுத்தல் என்பன மொழி அறிந்தவர்க்கு உரியவை. சிறு நிறுவனங்களின் கணக்கேடு எழுதுதல், கட்டட வரைபடம் கீறுதல், விளம்பரப் படம் வடிவமைத்தல், காணொளி வெட்டி ஒட்டுதல், இணையத்தளம் அமைத்தல் என்பன பயிற்சி வேண்டியவை. உயர்தரத்தில் கணக்கியல் படித்த பிள்ளைக்குக் கணக்கேட்டு வேலை பொருந்தும். படம் கீறுகிற கை உள்ள பிள்ளைக்கு வடிவமைப்புப் பொருந்தும்.

பயிற்சிக்குப் பெரிய தொகை கொடுக்க வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களை முதலில் விசாரியுங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் ஆக்கம் பற்றிய பாடநெறியொன்றை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது; அது ஆங்கிலத்தில் உள்ளது. எந்தத் தொழிலைப் பழகினாலும், வேலை கொடுப்பவரின் கடிதத்தை வாசித்து விளங்கிப் பதில் எழுதுகிற அளவுக்கு ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். இயந்திரத்தின் உதவியோடு எழுதலாம். ஆனால் அது எழுதித் தந்தது சரியா பிழையா என்று பார்க்க எமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரங்களைச் சரிசெய்யுங்கள்

இடம்பெயர்ந்தோர் தடக்குப்படுகிற இடம் இது. தளங்கள் அடையாளப் பத்திரம் கேட்கும். கணக்கில் உள்ள பெயரும், அடையாளப் பத்திரத்தின் பெயரும், வங்கிப் புத்தகத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் முதலெழுத்து முன்னும் இன்னோரிடத்தில் பின்னுமாக இருந்தால், உழைத்த காசு இடையில் நின்றுவிடும்.

பழைய தேசிய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இல்லை. 2017இன் இறுதியிலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் மூன்று மொழிகளும் உண்டு. பழைய அட்டை வைத்திருப்போர், அல்லது இடப்பெயர்வில் அட்டையைத் தொலைத்தோர், கிராம அலுவலர் மூலம் புதியதற்கு விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். பதினெட்டு வயதாகாத பிள்ளையின் வேலைக்காக அண்ணன் பெயரில் கணக்குத் திறப்பது வேண்டாம். கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கு மூடப்படும். அதில் இருக்கும் காசும் முடங்கலாம்.

பணத்தை இலங்கைக்குக் கொண்டுவரப் பலர் பயன்படுத்துவது பேயோனியர் என்ற சேவை. வெளிநாட்டவர் தருகிற பணம் அதில் சேர்ந்து, பின்னர் எமது வங்கிக் கணக்குக்கு ரூபாவாக வரும். அதற்கும் கட்டணம் உண்டு. எனவே சிறு சிறு தொகையாக எடுக்காமல் சேர்த்து எடுப்பது நல்லது.

முதல் ஆறு மாதம்

முதலில் மூன்று நான்கு மாதிரி வேலைகளைச் செய்து வையுங்கள். பக்கத்துக் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை வடிவமைக்கலாம். கூட்டுறவுச் சங்கத்தின் வரவுசெலவைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கலாம். உங்களை அறியாத வேலைகொடுப்பவர் முதலில் பார்ப்பது இந்த மாதிரிகளைத்தான்.

விண்ணப்பம் எழுதும்போது எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்ப வேண்டாம். அவர் கேட்டதை வாசித்து, "இதை இப்படிச் செய்வேன், இத்தனை நாளில் தருவேன்" என்று நாலு வரியில் எழுதுங்கள். ஒப்புக்கொண்ட நாளுக்கு முதல் நாளே கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் நாலைந்து பேர் எழுதும் நற்சாட்சியே அடுத்த வேலையைக் கொண்டுவரும்.

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது எமக்கு இரவு. நள்ளிரவில் விழித்திருந்து வேலை செய்கிற பிள்ளையை, அதிலும் பெண்பிள்ளையை, விடியற்காலையில் தண்ணீர் அள்ளவும் சமைக்கவும் எழுப்பினால் அந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும்? வெளியே தெரியாவிட்டாலும் அதுவும் உழைப்பு என்பதை வீட்டார் ஏற்று, வீட்டு வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதம் வரை இதிலிருந்து வருமானம் இல்லை என்றே வைத்துக்கொண்டு குடும்பச் செலவைத் திட்டமிடுங்கள். தோட்டத்தையோ கோழியையோ கூலி வேலையையோ உடனே விட்டுவிட வேண்டாம். நுண்கடன் எடுத்தோ, இருக்கிற நகையை அடகு வைத்தோ கணினி வாங்குவது ஆபத்து. கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய கடனும், எப்போது வருமென்று தெரியாத வருமானமும் ஒன்றோடொன்று பொருந்தா. ஓரிடத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, பழைய கணினி ஒன்றை வாங்கி முறை வைத்துப் பழகலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஒரே கணினியில் பல கணக்குகள் திறந்தால் தளம் சந்தேகப்படும் என்பதால், அதன் விதிகளை முன்கூட்டியே வாசித்து, தேவையானால் எழுதிக் கேட்டுத் தெளியுங்கள்.

ஏமாற்றுக்காரரை அறிவது எப்படி?

வேலை தருவதற்குக் காசு கேட்பவர் வேலை கொடுப்பவர் அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிப் பொதி, வைப்புப் பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இதுவே விதி.

காணொளிக்கு விருப்பம் தெரிவித்தால் காசு என்று வட்ஸ்அப்பிலோ ரெலிகிராமிலோ செய்தி வரும். முதலில் சில நூறு ரூபா உண்மையாகவே அனுப்புவார்கள். நம்பிக்கை வந்த பின், கூடுதலாக உழைப்பதற்கு முற்பணம் போடச் சொல்வார்கள். போட்ட காசு திரும்பாது.

"தளத்துக்கு வெளியே பேசுவோம், கழிவு மிச்சம்" என்பவரின் சொல்லைக் கேட்டால், தளம் தருகிற பாதுகாப்பு இல்லாமற் போகும். உங்கள் கணக்கை வாடகைக்குக் கேட்பவருக்கும், தொலைபேசிக்கு வருகிற இரகசிய இலக்கத்தைக் கேட்பவருக்கும் எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம். ஏமாந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் 101 என்ற இலக்கத்தில் இலங்கைக் கணினி அவசர உதவிப் பிரிவுக்கு அறிவியுங்கள்.

இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட இலங்கை இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 2024இல் அவர்களிற் சிலர் மீட்கப்பட்டார்கள். இணைய வேலைக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. போகச் சொல்பவர் எவராயினும், 1989 என்ற இலக்கத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேட்ட பின்பே முடிவெடுங்கள்.

வருமானம் வந்த பின்

2025 ஏப்ரல் முதலாந் திகதி முதல், வெளிநாட்டவருக்குச் சேவை செய்து வங்கி மூலம் பெறும் வெளிநாட்டு நாணய வருமானத்துக்கும் வரி உண்டு. ஆனால் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விடுதொகை இருப்பதால், தொடக்கக்காரர் பயப்படத் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட இத்தகைய வருமானத்துக்கு அறவிடப்படும் உச்ச வீதம் 15. எனினும் வந்ததையும் செலவழித்ததையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வாருங்கள்.

ஆறாவது மாதத்தின் முடிவில் அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக இருந்து பாருங்கள். எத்தனை மணித்தியாலம் போனது, எவ்வளவு வந்தது, எத்தனை பேர் திரும்பவும் வேலை தந்தார்கள் என்று எண்ணுங்கள். மணித்தியாலத்துக்கு விழுகிற காசு மாதத்துக்கு மாதம் ஏறி வந்தால் இன்னும் ஆறு மாதம் கொடுக்கலாம். ஏறாவிட்டால் வேறொரு தொழிலைப் பழகலாம்; அல்லது இதே கணினி அறிவோடு ஊரிலேயே வேலை தேடலாம். கடனில்லாமல் தொடங்கியிருந்தால், இந்த முடிவைப் பயமில்லாமல் எடுக்க உங்களால் முடியும்.