சந்தை விலையை நாமே கேட்டு வாங்கலாம்

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வெண்டை, கத்தரி போடுகிற உழவருக்கு அன்றைய விலையைச் சொல்வது பெரும்பாலும் வாங்க வருகிற வியாபாரிதான். ஆனால் சந்தை விலை நாள்தோறும் அரசுக் கணக்கில் பதிவாகிறது. காசு கொடுக்காமல் நாமே அதை எடுக்கலாம்.

மத்திய அரசு 2012-ல் தொடங்கிய ‘டேட்டா.கவ்.இன்’ தளத்தில், அக்மார்க்நெட் திரட்டும் அன்றாட விலைப் பட்டியல் இருக்கிறது. உழவர் சந்தை விலையும் அதில் வருகிறது. அதை எடுக்க வைத்திருக்கும் வழிக்குப் பெயர் ஏ.பி.ஐ. நம்ம கணினி கேட்கும், அரசின் கணினி பதில் தரும். கேட்பதற்கு ‘ஆர்’ என்ற இலவச மென்பொருள் போதும். கணினி தெரிந்த பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

1. தளத்தில் பதிவு செய்து உங்களுக்கென ஒரு சாவி எண் வாங்குங்கள். மாதிரிச் சாவியில் ஒரு முறைக்கு 10 வரிதான் வரும்.

2. ஆரில் ‘ஜேசன்லைட்’ தொகுப்பை நிறுவுங்கள். பட்டியலின் முகவரியோடு சாவி, மாநிலம், மாவட்டம், எத்தனை வரி வேண்டும் என்பதைச் சேர்த்துக் கொடுத்தால் அட்டவணை வந்துவிடும்.

3. மொத்த வரி எத்தனை என்று பதிலிலேயே இருக்கும். வந்தது குறைவாக இருந்தால் மிச்சத்தைத் திரும்பக் கேளுங்கள்.

4. பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். வெண்டைக்கு ‘பிண்டி’ என்ற இந்திப் பெயர். எழுத்து மாறினால் ஒன்றும் வராது. முதலில் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்.

குறைந்த விலை, அதிக விலை, பெருவாரியாக விற்ற விலை என மூன்று இருக்கும். மூன்றாவதைத்தான் பார்க்கணும். எல்லாம் குவிண்டாலுக்கு, 2,400 என்றால் கிலோ 24 ரூபாய். உழவர் சந்தை விலை நுகர்வோர் கொடுப்பது. அதை வயலடி விலையோடு நேராக ஒப்பிடக் கூடாது. வண்டி வாடகை, கழிவு போகக் கணக்குப் போடுங்கள். ஒரு சந்தையின் பெயர் இல்லையென்றால் அங்கே வரத்தே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். விவரம் பதிவாகாமலும் இருக்கலாம்.

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29-ல். பழைய ஆண்டுகளின் விலைக்குக் காஞ்சிபுரம் பெயரிலும் தேடுங்கள். அன்றாடப் பட்டியல் நாளுக்கு நாள் மாறிவிடும். தினமும் சேமித்தால்தான் எந்த மாதம் விலை ஏறும், எப்போது விழும் என்று அடுத்த விதைப்புக்கு முன் தெரியும்.

ஒரு பெரிய குறை: ரகத்துக்கும் தரத்துக்கும் இடம் உண்டு. நஞ்சில்லாமல் விளைந்ததா என்று சொல்ல இடமே இல்லை. நம்ம காய் அங்கே பத்தோடு பதினொன்று. அந்த ஒரு பத்தியை நாமதான் சேர்க்கணும். ஊருக்கு ஒருவர் தினசரி விலையை எடுத்து, நம்ம குழு விற்ற விலையைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். ஒரு வருஷக் கணக்கு கையில் இருந்தால் நம்ம விலையை நாமே சொல்லலாம்.